ஒப்பரேஷன் செய்யாமல் விட்டது பிழையா, டொக்டர்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வேறு சில விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு அப்போது எட்டு மாதம். தடிமனும் இருமலும் வந்து மாறிய கையோடு, ஒரு பின்னேரம் ஐந்து மணிபோல, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வீரிட்டு அழுதிருக்கிறான். இரண்டு காலையும் வயிற்றோடு மடித்துக்கொண்டு, முகம் வெளிறி, ஐந்து நிமிடம் அழுதான். பிறகு ஒன்றுமே நடக்காதது போல இருந்தான். இருபது நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே அழுகை. மாமியார் நாவூறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஓமத்தண்ணீர் பருக்கினார்கள். குடித்த பாலைச் சத்தி எடுத்தான். இரவு ஒன்பது மணிக்கு ஓட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்கே இருந்த கால் மணித்தியாலமும் அவன் அழவேயில்லை. டொக்டரின் கழுத்திலிருந்த குழாயைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். வயிற்றுக்குத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

விடியப்புறம் பம்பஸைக் கழற்றினால் சளியும் ரத்தமும். பிள்ளை துவண்டுபோய்க் கிடந்தான். அதன்பிறகு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஸ்கான் பார்த்து, “குடல் குடலுக்குள் போய்விட்டது” என்று சொல்லி, கையில் சேலைன் ஏற்றி, அம்புலன்ஸில் இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மலவாசல் வழியாகக் குழாய் வைத்து, ஸ்கான் திரையைப் பார்த்தபடியே உப்புநீரை உள்ளே விட்டு, அரை மணித்தியாலத்துக்குள் குடலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது பின்னேரம் இரண்டு மணி. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இது நடந்து ஆறு கிழமை. பிள்ளை தவழ்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். தாய்தான் நித்திரையில்லாமல் இருக்கிறார். கணவரின் தமையனுக்கும் சின்ன வயதில், இடம்பெயர்ந்திருந்த காலத்தில், இதே வருத்தம் வந்து வயிற்றை வெட்டி ஒப்பரேஷன் செய்தார்களாம். தழும்பு இன்றும் இருக்கிறது. அவர் இன்று உழவு இயந்திரம் ஓட்டுகிறார். ஆகவே வீட்டில் எல்லோரும் சொல்வது இதுதான்: வெட்டிச் செய்தால்தான் நிரந்தரம், தண்ணீர் அடித்துவிட்டது தற்காலிகம். கனடாவிலுள்ள மாமா, கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் ஒப்பரேஷனை முடியுங்கள், காசு நான் போடுகிறேன் என்கிறார். மாமியாரோ, ஆறு மாதத்தில் சோறு தீத்தியதால் வந்த வினை என்கிறார். மூன்று தரம் ஸ்கான் எடுத்ததால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஏதும் வருமோ என்ற பயம் வேறு. கடைசி வரி: “ராத்திரியில் அவன் அசைந்தாலே எழும்பி மணிக்கூட்டைப் பார்க்கிறேன். மாமா தரும் காசை வாங்கவா, டொக்டர்?”

தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். மாமாவின் மனம் பெரிது, அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் உங்கள் மகனுக்கு இப்போது செய்வதற்கு ஒப்பரேஷன் என்று ஒன்று இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் குடலையும் போல ஒரு குடல்தான் அங்கே இருக்கும். இந்தப் பதிலில் நீங்கள் திருப்தியடைய மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வயிற்றுக்குள் நடந்தது

நீளக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி உட்புறமாக மடிந்து தனக்குள்ளேயே போய்விடும் அல்லவா? உங்கள் மகனின் சிறுகுடலின் கடைசிப் பகுதி அப்படித்தான் பெருங்குடலுக்குள் நுழைந்துகொண்டது. தமிழில் குடல் உட்செருகல் என்று எழுதுவோம். உங்கள் கையிலுள்ள டயக்னோசிஸ் கார்டில் இன்டசசெப்ஷன் என்று இருக்கும்.

குடல் சும்மா கிடக்கும் குழாய் இல்லை. உணவைத் தள்ளுவதற்காக அலை அலையாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். தனக்குள் செருகிக்கொண்ட துண்டையும் அது உணவென்று எண்ணித் தள்ளும். தள்ளும்போது பிள்ளைக்கு உயிர் போகிற நோவு. அலை ஓய்ந்ததும் நோவும் ஓயும். விட்டு விட்டு அழுததன் காரணம் இதுதான். அந்த ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் அவன் சிரித்ததற்கும் இதுதான் காரணம். நீங்கள் சொன்னது பொய்யுமில்லை, அவன் நடிக்கவுமில்லை. இரண்டு அலைகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

செருகும் குடலோடு சேர்ந்து, அதற்கு ரத்தம் கொண்டுவரும் சவ்வும் உள்ளே இழுபடுகிறது. மெல்லிய சுவருள்ள நாளங்கள்தான் முதலில் நசுங்கும். அப்போது ரத்தம் வரும், ஆனால் திரும்பிப்போக வழியிருக்காது. குடற்சுவர் வீங்கிச் சளியும் ரத்தமும் கசியும். விடியப்புறம் பம்பஸில் நீங்கள் கண்டது அதைத்தான். புத்தகங்களில் சிவப்பு ஜெலி போல என்று எழுதியிருப்பார்கள். விட்டு விட்டு வரும் நோவு, சத்தி, ரத்தம் கலந்த மலம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த வருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றும் ஒன்றாகத் தெரிவது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில்கூட இல்லை. ரத்தம் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். சில பிள்ளைகள் அழுவதுகூட இல்லை, சுருண்டு சோர்ந்து கிடப்பார்கள்; அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கே கஷ்டம்.

இன்னும் நேரம் போனால் நாடிகளும் அடைபட்டுக் குடல் அழுகத் தொடங்கும். அப்படிப் போகும் முன் உங்கள் மகனைப் பிடித்துவிட்டார்கள். தொடங்கியதிலிருந்து சரிவரும் வரை உங்கள் கணக்குப்படி 21 மணித்தியாலம். ஒரு நாளைத் தாண்டினால் உப்புநீரால் சரிவரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நீங்கள் கடைசி வண்டியைப் பிடித்தீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த வண்டிக்கு நிற்காதது நல்லது.

சோறும் ஊசியும்

மாமியாரின் சந்தேகத்துக்கு வருவோம். இந்த வருத்தம் கூடுதலாக வருவது மூன்று மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில். அதிலும் ஐந்து முதல் ஒன்பது மாதம் வரைதான் உச்சம். ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட. வருவதும் பெரும்பாலும் நோஞ்சான் பிள்ளைகளுக்கு இல்லை; நன்றாக வளர்ந்த, கன்னம் உப்பிய பிள்ளைகளுக்குத்தான். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு தொடங்கியிருக்கும், ஊசியும் போட்டிருக்கும். அதனால் எதைப் பார்த்தாலும் அதுதான் காரணம் போலத் தெரியும். ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த சோறு கொடுக்கச் சொன்னது கிளினிக்தானே. அதைக் கேட்டு நடந்த நீங்கள் குற்றவாளி இல்லை.

கூடுதல் பிள்ளைகளில் காரணம் என்று நாங்கள் கருதுவது, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தத் தடிமன்தான். தடிமன் வந்தால் தொண்டையில் கழலை வீங்குவது போல, சிறுகுடலின் முடிவில் இருக்கும் நிணத் திட்டுகளும் வீங்கும். குடலின் அலை அந்த வீக்கத்தைப் பிடித்து முன்னே இழுத்துவிடுகிறது. அவ்வளவுதான். தடிமன் எந்தப் பிள்ளைக்கும் வரும். அதைத் தடுக்க நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஐந்து வயது மூத்தவளுக்கும் வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வயதில் இது அரிது, பயப்படாதீர்கள்.

2, 4, 6 மாதங்களில் கிளினிக்கில் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடர்பு உண்டு என்று தெரிந்த தடுப்பு மருந்து ஒன்றே ஒன்று, வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிராக வாயில் விடுவது. அதன் முதல் வகையொன்றை இதற்காகவே அமெரிக்காவில் 1999இல் நிறுத்தினார்கள். இப்போதுள்ள வகைகளில் ஆபத்து, மருந்து குடித்த ஒரு லட்சம் பிள்ளைகளில் ஒன்று முதல் ஐந்து பேர் வரைதான். ‘ஊசியால் குடல் செருகியது’ என்ற கதை ஊருக்குள் வந்து சேர்ந்தது இந்த வழியாக இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு அந்த மருந்து கொடுக்கவேயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதில் என்னைக் கொஞ்சம் திடுக்கிட வைத்தது வேறொரு வரி. ஒன்பதாம் மாத ஊசியைப் பயத்தில் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். அது சின்னமுத்தைத் தடுக்கிற ஊசி, தங்கச்சி. குடல் செருகலைவிடச் சின்னமுத்து எவ்வளவு பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது என்பதை உங்கள் மாமியார் தலைமுறையில் யாரையும் கேளுங்கள், சொல்வார்கள். இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள்.

மூன்று தரம் எடுத்த ஸ்கான்

ஸ்கானையும் எக்ஸ்ரேயையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். பலரும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் கதிர் உண்டு. அளவோடுதான் பாவிக்க வேண்டும். உங்கள் மகனுக்குப் பார்த்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கான்; அதில் போவது வெறும் சத்தம், எங்கள் காதுக்குக் கேட்காத உயரத்தில். உங்கள் வயிற்றில் அவன் இருக்கும்போது கிளினிக்கில் பார்த்ததும் அதைத்தான். மூன்று தரம் என்ன, முப்பது தரம் பார்த்திருந்தாலும் உங்களுக்கு வந்த பயத்துக்கு இடமில்லை. அந்தக் குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டதும் பிள்ளை கத்துவான், அது மட்டும்தான் தொந்தரவு.

அந்தத் திரையில் டொக்டர் என்ன பார்த்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல ஆசை, ஏனென்றால் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற படங்கள் குறைவு. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிய முகத்தில் வட்டத்துக்குள் வட்டம் தெரியும் அல்லவா, செருகிய குடலும் குறுக்கே பார்க்கும்போது அப்படியே இருக்கும். நீளவாட்டில் பார்த்தால் சிறுநீரகம் போலத் தெரியும். சிறுகுடல் பெருங்குடலுக்குள் போனதென்றால் அந்த வட்டம் பெரும்பாலும் இரண்டரை, மூன்று சென்றிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கும். குழந்தையின் வயிற்றுச் சுவர் மெல்லியது, கொழுப்புக் குறைவு. அதனால் பெரியவர்களில் தெரியாத அளவுக்கு உள்ளே தெளிவாகத் தெரியும். பழகிய கை பார்த்தால் நூறு பிள்ளைகளில் 97, 98 பேரைத் தவறாமல் கண்டுபிடித்துவிடலாம். ரத்த ஓட்டம் நிறத்தில் தெரியும். குடலுக்குள் நீர் சிறைபட்டிருக்கிறதா, வேறு கட்டி ஏதும் முன்னே நின்று இழுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சாதாரண எக்ஸ்ரே இந்த வருத்தத்தில் ஒன்றுமே இல்லாதது போலவும் வரும். குடல் ஓட்டையாகிக் காற்று வெளியே வந்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் அது உதவும்.

மெஷின் இருப்பது வேறு, நடுச்சாமத்தில் அதைக் குழந்தையின் வயிற்றில் வைத்துப் பார்க்கப் பழகிய கை இருப்பது வேறு. வன்னியில் எங்களுக்கு உள்ள குறை இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

உப்புநீர் என்ன செய்தது

‘தண்ணீர் அடித்துவிட்டது’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டால் ஏதோ பைப் பூட்டிக் கழுவிவிட்டது போல இருக்கிறது. நடந்தது அதைவிட நுட்பமானது. உடற்சூட்டுக்குக் கொண்டுவந்த உப்புநீரைப் பையில் நிரப்பி, கட்டிலிலிருந்து மூன்று அடிக்குச் சற்றுக் கூடிய உயரத்தில் தொங்கவிடுவார்கள். பம்ப் எதுவும் இல்லை. தண்ணீர்த்தாங்கி உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் வேகம் வருமே, அதே தத்துவம். பையின் உயரம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. உயரத்தைக் கட்டுப்படுத்தினால் குடலுக்குள் அழுத்தம் எல்லை மீறாது. மலவாசலில் வைத்த குழாய் வழியாக நீர் பெருங்குடலை நிரப்பி, செருகிய துண்டின் தலையில் முட்டி, வந்த வழியே மெல்லத் தள்ளும். தலை பின்வாங்குவது திரையில் தெரியும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். பிறகு வட்டங்கள் மறைந்து, நீர் சிறுகுடலுக்குள் பாய்வது தெரியும். அதைக் கண்டால்தான் முடிந்தது என்று சொல்வோம். அறைக்கு வெளியே நின்ற உங்களுக்கு அவன் அழுதது கேட்டிருக்கும். அந்த அழுகை வயிற்றை இறுக்கியதால் கேடு ஒன்றும் இல்லை.

நீர் ஏற்றும்போது ஸ்கான் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், சத்தம் தண்ணீருக்குள் தடையில்லாமல் போகும் என்பது. காற்றுக்குள் போகாது. அதனால் காற்றால் தள்ளும் முறையில் எக்ஸ்ரே திரைதான் வழக்கம். காற்று முறையும் நல்ல முறைதான். சீனாவில் 13 ஆண்டுகளில் 6,396 பேருக்கு அப்படிச் செய்ததை 1986இல் எழுதி வெளியிட்டார்கள். எந்த வழியானாலும் தகுந்த நேரத்தில் வந்தால் நூறு பிள்ளைகளில் 80 முதல் 95 பேர் வரை கத்தி படாமல் சரியாகிவிடுகிறார்கள். முதல் தரம் முழுவதும் சரிவராவிட்டாலும் பிள்ளை தெளிவாக இருந்தால் சற்றுப் பொறுத்துத் திரும்ப முயலலாம்.

இது புதுமோஸ்தர் வைத்தியமும் இல்லை. டென்மார்க்கில் ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்ற குழந்தை மருத்துவர் நீரழுத்தத்தால் குடலைத் தள்ளுவதை 1876இலேயே எழுதிவைத்தார். அவரிடம் இல்லாதது உள்ளே நடப்பதைப் பார்க்கும் கண். 1980களில் ஸ்கான் அந்தக் கண்ணைக் கொடுத்தது.

அலைக்கழித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஸ்கானில் கண்டுபிடித்த இடத்திலேயே ஏன் செய்யவில்லை என்று. இந்த இடத்தில் நான் அந்த டொக்டரின் பக்கம். நீர் ஏற்றும்போது குடல் ஓட்டையாவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்று நடந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒப்பரேஷன் செய்கிற சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து கொடுப்பவரும் பக்கத்து அறையில் நிற்க வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் தொடாமல், சேலைனைப் போட்டு, ஒரு நிமிடமும் வீணாக்காமல் அம்புலன்ஸில் ஏற்றியது சரியான வைத்தியம்.

தமையனின் தழும்பு

இடம்பெயர்வுக் காலத்தில் அவருக்குச் செய்ததும் சரிதான். ஸ்கான் இல்லை, கரண்ட் இல்லை, பாதை இல்லை. கையால் தடவிக் கட்டியை உணர்ந்து வயிற்றைத் திறந்தவர்கள் அன்றைக்கு அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். எங்கள் சனம் கண்டதெல்லாம் தழும்போடு தப்பியவர்களைத்தான். அதனால் தழும்புதான் வைத்தியத்தின் முத்திரை என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. நான் ஊரில் கிளினிக் பார்த்த நாட்களிலும் “வெட்டவில்லையா?” என்று ஏமாற்றத்தோடு கேட்ட தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் வயிற்றைத் திறந்து செய்தவர்களும் உள்ளே போய்ச் செய்தது என்ன? விரலால் குடலின் தலையைப் பின்பக்கமாகப் பிதுக்கித் தள்ளினார்கள். உப்புநீர் செய்ததும் அதே வேலைதான். அழுகிய பகுதி இருந்தால் மட்டும் வெட்டித் தைப்பார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகும் திரும்ப வருவது உண்டு, நூற்றில் ஒரு சிலருக்கு. நீர் முறைக்குப் பிறகு ஏறக்குறைய நூற்றில் பத்துப் பேருக்கு வரும். வித்தியாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் திரும்ப வரும் அந்தப் பத்துப் பேரிலும் பெரும்பாலானோர் மறுபடி உப்புநீராலேயே சரியாகிவிடுவார்கள். மறுபக்கம், வயிற்றைத் திறந்த பிள்ளைக்குக் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பத்து வருடம் கழித்தும் வேறொரு குடலடைப்பு வரும் ஆபத்து ஆயுள் முழுவதும் உண்டு. மயக்க மருந்தும் காயமும் தனி. இனி வரக்கூடாது என்று குடலைத் தைத்து நிறுத்துவதால் பயன் கிடைப்பதாகவும் நிரூபணமாகவில்லை. சுகமாக இருக்கிற பிள்ளைக்கு இதைச் செய்ய ஒரு நல்ல நிபுணர் சென்னையிலும் சம்மதிக்க மாட்டார்.

ஒப்பரேஷன் தேவைப்படும் நிலைமைகள் உண்டு. வயிறு கல்லுப்போல இறுகிக் காய்ச்சலோடு வந்த பிள்ளை, குடல் ஓட்டையானது, சேலைன் ஏற்றியும் தேறாதது, நீர் முறை சரிவராதது. இவற்றில் வேறு பேச்சில்லை. அதோடு மூன்று, நான்கு வயதுக்கு மேல் முதன்முதலாக வந்தாலோ, பல தரம் திரும்ப வந்தாலோ, குடலில் பிறவியிலேயே உள்ள பை அல்லது சதைக்கட்டி ஏதும் இழுக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் மகன் இதில் எதிலும் சேரவில்லை.

திரும்ப வந்தால்

திரும்ப வருபவர்களில் பலருக்கு அது முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே வந்துவிடும். அதற்குத்தான் உங்களை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். ஆறு கிழமை தாண்டிவிட்டீர்கள். பிள்ளை வளர வளர ஆபத்து இன்னும் குறையும். ஆனாலும் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு சிணுங்கலுக்கும் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பசி அழுகை பால் குடித்தால் நிற்கும், பல் முளைக்கும் அழுகை தூக்கினால் நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டிய அழுகை உங்களுக்கே தெரியும், ஒருமுறை கண்டுவிட்டீர்கள். கால் மடித்து, வெளிறி, விட்டு விட்டு, இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் வந்தால் வெளிக்கிடுங்கள். ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பச்சை நிறத்தில் சத்தி வந்தால், அழுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே.

வீட்டில் ஓமத்தண்ணீர், கிரைப் வோட்டர், பூச்சி மருந்து எதுவும் பருக்க வேண்டாம், பாலும் நிறுத்துங்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வெறும் வயிறு வேண்டும். எண்ணெய் போட்டு வயிறு பிடித்துவிடுகிறவரிடம் கொண்டுபோகவே கூடாது. வீங்கிய குடலை வெளியிலிருந்து அமத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாவூறு கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாகனம் வருகிற நேரத்துக்குள் மாமியார் தாராளமாகச் சுற்றிப் போடட்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. இரவில் உங்கள் பக்கத்து ரோட்டில் யானை நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஓட்டோவில் தனியாக இருட்டுக்குள் போவதைவிட முதலில் அவர்களுக்கு அடித்துப் பாருங்கள். வர நேரமெடுக்கும் என்றால், வாகனம் வைத்திருக்கும் அயலவர் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் ஆள் தேடக்கூடாது.

அழும்போது போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரியில் அவன் சிரித்தாலும் அந்த வீடியோ சாட்சி சொல்லும். ரத்தம் பட்ட பம்பஸ் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம். வாசலில் “வயிற்றுக்குத்து” என்று சொல்லாமல், “இவனுக்கு முன்பு இன்டசசெப்ஷன் வந்தது, அதே மாதிரி அழுகிறான், ஸ்கான் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் உங்களைத் தேவையான இடத்துக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கும்.

இன்னொன்று. எப்போதாவது வேறு காரணத்துக்காக ஸ்கான் எடுக்கும்போது, சிறுகுடலுக்குள் சிறுகுடல் சின்னதாகச் செருகியிருக்கிறது என்று சொல்லக்கூடும். பிள்ளை சுகமாக இருந்து, அது இரண்டு சென்றிமீற்றருக்கும் குறைந்ததாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும். அதைக் கேட்டு மாமாவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள்.

முதல் ஆஸ்பத்திரி

உங்கள் கோபம் நியாயமானது. அதே நேரம், நெரிசலான இரவில் சிரிக்கிற பிள்ளையைக் கண்டு ஏமாறாத மருத்துவர்கள் குறைவு, நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் விட்டு விட்டு அழுகிறான் என்று தாய் சொன்னால், ஒன்றிரண்டு மணித்தியாலமாவது மறித்துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். இதை எழுத்தில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போன திகதி, நேரம், கிடைத்த துண்டு, பிறகு கண்டுபிடித்தது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கும், பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். ஆளைத் தண்டிக்கச் சொல்லி எழுதினால் பதில் சுருக்கமாக வரும். இப்படி வரும் பிள்ளைகளை இனி எப்படிப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் அங்கே ஒரு கூட்டமாவது நடக்கும்.

உங்கள் நித்திரை விஷயம். இன்னும் இரண்டு கிழமையிலும் இப்படியே இருந்தால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், பிள்ளையைப் பற்றி மட்டுமல்ல, உங்களைப் பற்றியும். ஊசிக்குப் போகும் அன்றைக்கே கேட்டுவிடலாம். போகும்போது டயக்னோசிஸ் கார்டைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றைக் கிளினிக் புத்தகத்துக்குள் வையுங்கள், இன்னொன்றை அந்த வாகனக்கார அயலவர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.